அப்பா போட வேண்டிய கையெழுத்து

கோர்ட்டுக்கு அனுப்பிய அபராதப் படிவம் திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரு புதுப் படிவம். சிவப்பு மையில் இரண்டே வரி: போலீஸ் அபராதச் சீட்டில் இருக்கும் கையெழுத்து வேறு, படிவத்தில் இருப்பது வேறு. பதினெட்டாம் தேதிக்குள் தபால் முத்திரை விழாவிட்டால் மறுநாள் நேரில் ஆஜராக வேண்டும்.

இன்று பதினெட்டு. மணி நாலேகால்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தப்பு அவளுடையதுதான். ஆறாம் வகுப்பில் ரேங்க் கார்டில் அப்பா பெயரை எழுதப் பழகியவள், பட்டம் வாங்கிய பிறகும் நிறுத்தவில்லை. வங்கி, ரேஷன், ஆஸ்பத்திரி, இப்போது இந்தப் படிவம், எல்லாவற்றிலும் அவள் போட்டதுதான் அப்பாவின் கையெழுத்து. சிக்னலில் அப்பா வெள்ளைக் கோட்டைத் தாண்டி வேனை நிறுத்தியபோது மட்டும் அவள் பக்கத்தில் இல்லை. போலீஸ்காரர் நீட்டிய சீட்டில் அப்பாவே போட்டுவிட்டார்.

நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் பள்ளிக்கூட வேனை யார் ஓட்டுவது? "ஒரு நாள் மட்டம் போட்டாலும் சாவி வேறாளுக்கு" என்று கான்ட்ராக்டர் போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டான்.

வேன் கழுவிக்கொண்டிருந்த அப்பாவை ஈரக்கையோடு இழுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடினாள். வரிசை நகர்ந்து கவுன்ட்டருக்கு வந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். மற்றதையெல்லாம் அவள் நிரப்பியாயிற்று. கடைசிக் கட்டம்தான் பாக்கி.

"போடுப்பா."

அப்பா பேனாவைத் தாளுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "நீயே போட்டுடும்மா. உன்னுதுதான் அழகா இருக்கும்."

"அழகா இருந்ததாலதான் திரும்பி வந்திருக்கு! அன்னிக்கு மட்டும் எப்படிப் போட்ட?"

"போலீஸ்காரர் அதட்டினாரு, வந்துடுச்சு."

"நான் அதட்டட்டுமா?"

"நீதான் எந்நேரமும் அதட்டுறியே, வரமாட்டேங்குதே."

பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். "இவரு போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பென்ஷனே வந்துடும்."

"வந்தா வாங்கிக்கோங்க சார். இப்ப சும்மா நில்லுங்க."

சீட்டின் நகல் அவள் பையில்தான் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே வரைய அவளுக்கு அரை நிமிடம் போதும். பேனாவைப் பிடுங்கியும் விட்டாள். அப்பா சட்டென்று ஒதுங்கி நின்றார், பழக்கப்பட்டவர் போல. அந்த ஒதுங்கல் அவளைச் சுருக்கென்று குத்தியது. பேனாவைத் திரும்ப அவர் விரல்களுக்குள் திணித்தாள்.

"எனக்குத் தெரியாது. நீதான் போடணும்."

முதல் எழுத்து சாய்ந்தது. இரண்டாவது அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மூன்றாவதற்கு முன்னால் அப்பா மூச்சுவிட நின்றார். கவுன்ட்டர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசி எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போய் விழுந்தது.

"இது செல்லுமா மேடம்?" அவள் படிவத்தை உறையில் போட்டு ஒட்டி நீட்டினாள்.

"அது கோர்ட்டு பாடு. எனக்குத் தேதிதான்." முத்திரை டம்மென்று விழுந்தது. பதினெட்டு.

"பதிவுத் தபால் ரசீதுல அனுப்புறவர் ஒரு கையெழுத்து போடணும்."

அவள் கை தன்னால் நீண்டது. அப்பா பேனாவை விடவில்லை.

"இரும்மா," என்றார், கவுன்ட்டரில் குனிந்தபடியே.