தண்ணி நல்லாத்தான் இருக்கு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கண்ணாடிக்கடையில். மூக்குக்கண்ணாடியின் காது ஒன்று ஆடுகிறது என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே லென்ஸ் தேய்க்கிறவர் போனில் யாரிடமோ சொன்னார்: "தண்ணி நல்லாத்தான் இருக்கு. மீனுங்கதான் சாகுது."

அதற்குள் கண்ணாடி தயாராகிவிட்டது. மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் போகலாமே என்று, இப்போ ரொம்ப இறுக்குது என்று திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். அவர் பேசி முடித்துவிட்டார். ஆகையால் இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

எனக்குக் கதை படமாக வராது, பேச்சாகத்தான் வரும். யாராவது இரண்டு பேர் மண்டைக்குள் பேச ஆரம்பிப்பார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு எழுதிக்கொள்வேன்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "கடலின் ஒரு துளி அந்தக் கூடத்தில் சிறைப்பட்டு, தன் நீலத் துயரத்தை—"

அடித்துவிட்டேன். எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்?

இரண்டாவது: "வாத்தியார் செத்துட்டார்." இது பிடித்திருந்தது. ஆனால் வாத்தியார் ஒரு மீன் என்று நான் சொல்வதற்குள் நீங்கள் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மாடி வீடு, சின்னக் கூடம், அதில் சுவரோரம் ஓர் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க மேலே கண்ணாடி மூடி. சொந்தக்காரி பஸ் ஓட்டுகிறவள். நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு, ஒருத்தரும் ஹாரன் அடிக்காத அந்தப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உயிர். மீன்களுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். பட்டை போட்ட உடம்போடு எல்லாரையும் முறைத்துக்கொண்டு திரிந்த பெரிய மீன் வாத்தியார். வேலை ஒன்றும் செய்யாமல் சுற்றிச்சுற்றி வந்தது மேனேஜர். மஞ்சளாக, சாப்பாடு முதலில் தனக்குத்தான் வரவேண்டும் என்று விறைப்பாக நிற்பது மாப்பிள்ளை. கல் இடுக்கில் ஓடிப்பிடித்து விளையாடும் பொடிசுகளுக்கெல்லாம் சேர்த்து, வாண்டுகள்.

வாத்தியார் போனார். அந்தச் சூடு ஆறுவதற்குள் மேனேஜர். வாண்டுகள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாடிக்கொண்டிருந்தன.

டிரைவரம்மா கணவனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "மாப்பிள்ளையும் போயிட்டா, தொட்டியை மீன் கடைக்காரர்கிட்டயே குடுத்துடுங்க. இன்னொண்ணை வலையில அள்ளிப் போட எனக்குத் தெம்பில்ல."

3

கணவர்தான் நம் லென்ஸ்காரர். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறம் பார்ப்பார். உப்பு சரி. சூடு சரி. அம்மோனியா துளிகூட இல்லை. தினமும் ராத்திரி மனைவி வந்ததும் பார்ப்பார், தினமும் தண்ணீர் முதல் வகுப்பில் தேறும்.

மீன் கடைக்காரர் முதலில் தீனிமேல் பழி போட்டார், அப்புறம் கல்மேல், கடைசியில் மீனுக்கே மனசு சரியில்லை என்றார். கல்லுக்குள் பொல்லாத நண்டு ஒளிந்திருக்கும் என்று கிளப்பிவிட்டதும் அவர்தான். லென்ஸ்காரர் டார்ச் லைட்டோடு தொட்டி முன்னால் தவம் கிடந்தார். நண்டு வரவில்லை, கழுத்துப் பிடிப்பு வந்தது. வீட்டில் கொசு மருந்து, சென்ட், தரை துடைக்கும் திரவம் எல்லாவற்றுக்கும் தடை போட்டார்.

கூடத்து நாற்காலியிலிருந்து அவருடைய அம்மா சொன்னாள்: "சமைக்கவும் முடியாத மீனுக்கு இத்தனை உபசாரமா? எனக்குத் தலைவலின்னா இப்படி டார்ச் அடிச்சுப் பாத்திருக்கியாடா?"

(இங்கே ஒரு விஷயத்தை நுழைக்க வேண்டும், மறந்துவிடுவேன். டிரைவரம்மா முன்பெல்லாம் மத்தியானமே வீடு திரும்பிவிடுவாள். டிப்போவில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள், இப்போது வர இருட்டிவிடுகிறது. இதைக் கதையில் யாரும் பொருட்படுத்தவில்லை. நீங்களும் பொருட்படுத்தாத மாதிரி இருங்கள்.)

4

மாமியாரை வில்லியாக்குவதைப் போலச் சுலபமான வேலை எழுத்தில் வேறு கிடையாது. நானும் ஆரம்பித்தேன்: "வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அவள் சோப்புத் தண்ணீரை மெல்ல எடுத்து—"

பேனா நின்றுவிட்டது. காதுக்குள் அந்த அம்மாள் பேசினாள். "ஏம்மா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

கிட்டத்தட்ட என் வயசுதான். வெட்கமாகப் போய்விட்டது.

"சரி, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் என்னதான் பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? மத்தியானம் கொஞ்சம் தூங்குவேன்."

"மீனுங்க?"

பதில் வரவில்லை. பேசிக்கொண்டே இருக்கிற பாத்திரம் சட்டென்று வாயை மூடினால், கதை அங்கேதான் இருக்கிறது. அடித்துப் பிடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

5

அன்று பஸ்ஸில் கியர் மாட்டிக்கொண்டது. மெக்கானிக் கையை விரித்ததும் டிரைவரம்மாவைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெயில் தாழாத நேரம். மாடிப்படி ஏறியவள் பாதியிலேயே நின்றாள்.

அவளுக்குக் காதுதான் கண். டிப்போ வாசலில் நின்றபடியே உள்ளே உறுமுவது எந்த பஸ், அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். அந்தப் படியில் நின்றால் தொட்டி மோட்டாரின் முனகல் கதவைத் தாண்டிக் கேட்கும். இன்று கேட்கவில்லை.

(இந்த இடத்தில் "அவள் இதயம் படபடவென்று—" என்று எழுதியிருந்தேன். வேண்டாம். அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள், அது போதும்.)

கதவைத் திறந்தாள். தொட்டிக்கு மேல் மெத்தென்ற போர்வை ஒன்று தலையோடு போர்த்தியிருந்தது. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் மாமியார், வாய் லேசாகத் திறந்தபடி நல்ல தூக்கம். செருப்புச் சத்தத்தில் கண் விழித்தவள், உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ். தூங்குறாங்க."

டிரைவரம்மா பாய்ந்து சுவிட்சைப் போட்டாள், போர்வையை உருவினாள், மூடியைத் திறந்தாள். மாப்பிள்ளை தண்ணீரின் விளிம்பில் வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தான், விறைப்பெல்லாம் போய். அவள் ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். மறுபடி மொண்டு, மறுபடி ஊற்றினாள்.

"என்ன அத்தை பண்ணீங்க?"

அத்தை திருதிருவென்று விழித்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மத்தியானம் தான் படுக்கும்போது இதுகள் மட்டும் மோட்டார் கிளப்பும் அலைக்கு எதிராக நீந்திக்கொண்டே கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லையாம். வெகுநாளாகவே அதை நிறுத்தி, தொட்டியைப் போர்த்திவிடுகிறாளாம். நீ வருகிற நேரத்துக்கு முன்னால் எழுந்து போட்டுவிடுவேன் என்றாள். மீனைத் திட்டிக்கொண்டிருந்த வாயால் இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். "இப்போ நீ இருட்டினப்புறம்தானே வர்றே. அதான், பாவம், கொஞ்சம் கூடத் தூங்கட்டுமேன்னு..."

டிரைவரம்மாவின் கை குவளையோடு அப்படியே நின்றது. முன்பு குட்டித் தூக்கம், இப்போது சாயங்காலம்வரை. மோட்டார் ஓடினால்தான் தண்ணீருக்குக் காற்று. பெரிய உடம்புக்கு நிறையக் காற்று வேண்டும், அதனால்தான் பெரியதாகப் பார்த்துப் போனது. வாண்டுகளுக்குக் கொஞ்சமே போதுமாக இருந்தது. கணவர் குழாயைத் தூக்குகிற நேரத்துக்கு எல்லாம் பழையபடி ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் பொய்யே சொல்லவில்லை.

6

மாப்பிள்ளை செத்துவிடுகிற முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன். அதில் ஒருத்தரும் பேச மாட்டேன் என்றுவிட்டார்கள். பேச்சில்லாத பக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கிழித்துப் போட்டேன்.

ஆகவே: இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மெல்லக் கீழே இறங்கினான். கல்லை ஒரு சுற்றுச் சுற்றினான். கண்ணாடிக்கு நேராக வந்து, சாப்பாடு எங்கே என்று விறைப்பாக நின்றான்.

"பாரு, திமிரு திரும்பி வந்துடுச்சு," என்று மாமியார் சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது மாமியார் குரல் இறங்கியது.

"அப்போ வாத்தியாரும் மேனேஜரும்... நான் தூங்க வெச்சதாலயா?"

இதற்கு டிரைவரம்மா என்ன சொன்னாள் என்பதுதான் எனக்கு இன்னும் கேட்கவில்லை. "ஆமா அத்தை" என்று எழுதினேன், அந்த அம்மாள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "இல்லவே இல்ல" என்று எழுதினேன், கேட்டதும் அவள் நம்பவில்லை. ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டதாகவும் எழுதினேன், ஆனால் டிரைவரம்மா அப்படிச் சும்மா இருக்கிற ரகம் இல்லை. நீங்கள் அவளை என்னைவிடப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே சொல்லிவிடுங்கள்:

"                    "

சொல்லியாயிற்றா? நல்லது. நீங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் சரி, அதற்கு அடுத்த வரி எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து கேட்டாள்:

"சரி. மோட்டாரைத் தொட மாட்டேன். மத்தியானம் தொட்டி லைட்டையாவது அணைக்கலாமா? கண்ணு கூசுது பாரு, குழந்தைக்கு."

"லைட் அணைக்கலாம் அத்தை," என்றாள் டிரைவரம்மா.