வெயில் விடுமுறையில் ஓட்டை அடைத்தவர்கள்

ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் எடுத்ததுமே நோரீனுக்கு உடம்பு கூசியது. பொட்டலத்தின் ஒரு முனையில் தொடங்கி, அத்தனை துண்டுகளின் நடுவிலும் புகுந்து, மறுமுனை வரை ஒரு சுரங்கம். தோண்டியவர் வந்த வழியே திரும்பவில்லை, புது வழியாகவே வெளியேறியிருந்தார்.

"ஓரத்தை வெட்டிட்டுச் சாப்பிடலாம்," என்றான் வெர்ஜில், காப்பிக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல்.

"ஓரம் நல்லாத்தான் இருக்கு. நடுவுலதான் ஒண்ணுமில்ல."

"அப்போ நடுவை வெட்டு."

வெர்ஜில் நல்ல மனிதன். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கோபப்பட மாட்டான், குடிக்க மாட்டான், அடுத்தவர் வண்டி நின்றுபோனால் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவான். ஆனால் நல்ல மனிதர்களிடம் ஒரு தொல்லை உண்டு. தங்களுக்குக் குறையாகப் படாத எதுவும் உலகத்தில் குறையே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். சுண்டெலி அவனுக்குக் குறை இல்லை. மழை மாதிரி, வரும் போகும்.

நோரீன் ரொட்டியைக் குப்பையில் போட்டாள். கரண்டிகள் இருந்த இழுப்பறையைத் திறந்தாள். நேற்று மாலை வெந்நீர் ஊற்றிக் கழுவிய இழுப்பறை. கரண்டிகளுக்கு நடுவே கருப்பு அரிசிபோலப் புழுக்கை சிதறிக் கிடந்தது.

"நான் லவோனுக்கு போன் பண்ணிட்டேன்," என்றாள். "ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றா."

லவோன் அவள் தங்கை. மைனாட் நகரத்தில் இருக்கிறாள். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடுவாள். பெரிய வண்டி, பின்னால் சாமான் ஏற்ற இடம் உண்டு.

வெர்ஜில் இப்போது தலையை நிமிர்த்தினான். "பாக்க வர்றாளா, கூட்டிட்டுப் போக வர்றாளா?"

"எலி இருந்தா கூட்டிட்டுப் போக. இல்லேன்னா பாக்க."

அவன் கொஞ்ச நேரம் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான். பிறகு, எப்போதும் சொல்வதைச் சொன்னான். "மார்லிஸ் இதே டிரெய்லர்ல பதினோரு வருஷம் இருந்தா, நோரீன். ஒரு தடவைகூட எலின்னு வாயைத் திறந்ததில்ல."

மார்லிஸ் அவனுடைய முதல் மனைவி. இறந்து மூன்று வருடமாகிறது. போன ஆண்டு கோடையில் நோரீனைக் கல்யாணம் செய்துகொண்டான். ஐம்பத்தெட்டு வயதில் நோரீன் தன் வாடகை வீட்டைக் காலி செய்து, சோபாவைத் தானம் கொடுத்து, பல் மருத்துவர் அலுவலகத்தில் பார்த்த வேலையை விட்டு, இந்தச் சக்கரம் வைத்த வீட்டுக்குள் ஏறி வந்தாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வளை கிடைத்தது. அதை எலியோடு பங்கு போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வந்ததிலிருந்து அந்த மார்லிஸை அவள் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. பனியில் குழாய் உறைந்தால் மார்லிஸ் சிரிப்பாளாம். குளிர்காலத்துக்கு அரிசோனா போகும்போது பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்தால் பாட்டுப் பாடுவாளாம். எலி வந்தால் கவனிக்கவே மாட்டாளாம். செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? நோரீனுக்கு இங்கிருந்து போக மனமே இல்லை. இந்தக் கிழவனை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் வம்பு. ஆனால் இரவில் காதருகே சுரண்டும் சத்தம் கேட்டு விறைத்துப்போய்க் கிடக்கும் உடம்புக்குப் பிரியம் என்றால் என்ன தெரியும்?

அது அக்டோபர். சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்காக ஊர் ஊராக வந்தவர்களின் டிரெய்லர்கள் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில், வயல் ஓரத்து முகாமில் வரிசையாக நின்றன. வெர்ஜில் கிழங்கைக் குவிக்கும் எந்திரத்தில் நின்றான். நோரீன் லாரிகளில் வரும் கிழங்கில் சோதனைக்கு மாதிரி எடுக்கப் பை பிடித்தாள். சுற்றிலும் வயல்களை ஒட்டச் சுரண்டியாகிவிட்டது, இரவுகள் குளிர ஆரம்பித்துவிட்டன. வீடிழந்த சுண்டெலிகள் விளக்கெரியும் திசை பார்த்து நடந்து வந்தன. அவற்றின் மேல் தப்பில்லை என்பது நோரீனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது.

வியாழக்கிழமை வெயில் வந்தது. கிழங்கு சூடாகிவிட்டால் குவியலில் அழுகிப்போகும். அதனால் வெயில் ஏறினால் குவியல் களத்தை மூடிவிடுவார்கள். முகாமே துணி துவைத்து, மீன் பிடிக்கப் போய், இறைச்சி சுட ஆரம்பித்தது. நோரீன் ஊருக்குள் போய்ச் செம்புக் கம்பி நார் ஒரு சுருள், சிலிக்கான் பசை, மெல்லிய கம்பி வலை, குளிர்பானம் உறிஞ்சும் குழல் ஒரு கட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெர்ஜில் வெளியே மடக்கு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அடுத்த டிரெய்லர் ஓட்டிஸ், ஆர்கன்சாஸ்காரன், அவன் பக்கத்தில் முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றான் வெர்ஜில். "போன வருஷமே குளிர் வராம இருக்க, ஊதி இறுகற நுரையை அடிச்சு மொத்தமா அடைச்சுட்டேனே."

"நுரையா?" ஓட்டிஸ் முட்டையை விழுங்கினான். "எலிக்கு மெத்தை வாங்கிக் குடுத்திருக்கேன்னு சொல்லு. என் அத்தானும் அப்படித்தான் அடிச்சான். குளிர் காலத்துல குட்டியே போட்டுச்சு அதுக்குள்ள."

"நீ முட்டையைத் தின்னு."

"தின்னுட்டுத்தான் இருக்கேன். அண்ணி, இவனைக் கீழ படுக்கச் சொல்லுங்க. தொப்பைக்கும் நல்லது."

வெர்ஜில் முனகிக்கொண்டே எழுந்தான். "படுக்கறேன். ஆனா ஒண்ணும் இருக்காது, பாத்துக்கோ."

வேலை எப்படி என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். நல்ல உச்சிப்பொழுதில் சன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டி, கூரைத் திறப்புகளை மூடி, உள்ளே குகைபோல இருட்டாக்க வேண்டும். இழுப்பறைபோல டிரெய்லரின் சுவரிலிருந்து நீளும் பக்க அறையை வெளியே நீட்டி வைத்து ஒரு தடவை, உள்ளே இழுத்து வைத்து ஒரு தடவை. பிறகு ஒருவர் அலமாரிக்குள் தலையை விட்டு அசையாமல் கிடக்க வேண்டும். கண் பழகியதும் பகல் வெளிச்சம் எங்கெங்கே ஊசியாய் நுழைகிறதோ அங்கெல்லாம் எலிக்கு வாசல். உள்ளே இருப்பவர் ஓட்டை வழியாக உறிஞ்சு குழலை நீட்டுவார். கீழே படுத்திருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் கம்பி நாரைத் திணித்துப் பசை பூசுவார்.

நோரீன் பாத்திரத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் புகுந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு குழாயைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. குழலை நீட்டினாள்.

"வருதா?"

"வருது," என்றது தரைக்குக் கீழிருந்து ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து, "சரி, இது ஒண்ணுதான்," என்றது.

"இதோ இன்னொண்ணு."

கரண்ட் கேபிள் நுழையும் பெட்டிக்குள் ஒரு விரல் போகும் இடைவெளி இருந்தது. குளியல் தொட்டிக்கு அடியில் நீளமாக ஒரு கிழிசல். பக்க அறையின் மூலைகளில் ரப்பர் சுருங்கிப்போய் வானமே தெரிந்தது. குழல் மேல் குழலாக இறங்கியது. கீழே இருந்த குரல் "வருது, வருது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சும்மா உறுமத் தொடங்கியது. போன வருடத்து நுரையை வெர்ஜில் உளியால் கிளறினான். ஓட்டிஸ் சொன்னது அப்படியே. உள்ளே வளைந்து வளைந்து அருமையான பாதைகள், ஒரு படுக்கையறைகூட இருந்தது.

"இங்க சுவத்துல வெதுவெதுன்னு பெரிய ஓட்டை," என்று நோரீன் கத்தினாள். "நாரை நல்லாத் திணிச்சுடறேன்."

"தொடாத. அது கணப்போட புகை போற வழி. அதை அடைச்சா எலி சாகாது, நாமதான் சாவோம். அந்த வலையை வெட்டி வெளிய இருந்து நான் பொருத்தறேன். காத்து போகும், எலி வராது."

அந்தக் குரலில் முனகல் குறைந்திருந்ததை அவள் கவனித்தாள்.

கட்டிலுக்கு அடியில், மூலையில், வெளிச்சமே தெரியவில்லை. சரி, இங்கே நல்லதாக இருக்கிறது என்று திரும்பப் பார்த்தவளின் கை எதிலோ பட்டது. மெத்தென்று இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆனால் அது அசையவில்லை. விரலால் நிமிண்டி இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

பெண்கள் போடும் நைலான் காலுறை. உள்ளே பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் உருண்டையாக வைத்து முடிச்சுப் போட்டிருந்தது. நார் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. நைலானை எலி கடித்துக் கிழித்திருந்தது.

நோரீன் அடுத்த மூலைக்குக் கையை விட்டாள். அங்கேயும் ஒன்று. தண்ணீர்த் தொட்டியின் பின்னால் இரண்டு. குளியலறைப் பலகைக்கு உள்ளே, டின் மீன் டப்பாவின் மூடியை ஓட்டை மேல் வைத்து, நான்கு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. எவ்வளவு நேர்த்தியான கை! ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதுகை வளைத்துப் படுத்துச் செய்த வேலை.

அவள் அப்படியே தரையில் கிடந்தாள். இவ்வளவு நாளும் யாரைத் திட்டினேன் நான்? அந்தப் பெண்ணும் இதே இருட்டில் கிடந்திருக்கிறாள். என்னைப் போலவே சுரண்டல் சத்தம் கேட்டு விழித்திருக்கிறாள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"குழல் எங்க?" என்றான் வெர்ஜில் கீழிருந்து.

"உள்ள வா," என்றாள்.

அவன் முழங்கைகளில் மண்ணோடு வந்து, இருட்டில் தடவித் தடவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் சன்னல் கம்பளியைக் கொஞ்சம் விலக்கினாள். காலுறைகளையும், கழற்றி எடுத்த டப்பா மூடியையும் ஒவ்வொன்றாக அவன் மடியில் வைத்தாள்.

"என்னது இது?"

"நீதான் சொல்லணும். என்னோடது இல்ல. எனக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தது நீங்க ரெண்டு பேர்தான். உனக்கு இந்தப் பழக்கம் உண்டா?"

வெர்ஜில் சிரிக்கவில்லை. மீன் டப்பா மூடியை எடுத்து, திருகாணி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது என் பெட்டியில இருந்தது. ஒரு பொட்டலம் அப்படியே காணாம போச்சு. ஓட்டிஸ்தான் எடுத்தான்னு ஒரு மாசம் அவன்கூடப் பேசல நான்."

நோரீன் மற்ற திருகாணிகளையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான் அவன். "ஏன் சொல்லல?"

"முதல் தடவை சொல்லியிருப்பா. நீ என்ன சொல்லியிருப்பே? யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "ஓரத்தை வெட்டிட்டுச் சாப்பிடலாம்னு," என்றான் மெதுவாக. பிறகு அந்தக் காலுறைகளை மடியில் வைத்துக்கொண்டே அழுதான். சத்தமில்லாமல், மூக்கை மணிக்கட்டில் துடைத்துக்கொண்டு அழுதான். நோரீன் அவன் முதுகில் கை வைத்திருந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, அவனுக்காகக் கொஞ்சம், அந்த மார்லிஸுக்காகக் கொஞ்சம்.

மறுநாளும் வெயில். யாரும் சொல்லாமலே வெர்ஜில் இழுப்பறைகளையெல்லாம் கழற்றி வெளியே வைத்தான், டிரெய்லரின் அடித் தகட்டைக் கழற்றினான். துருப்பிடித்த நாருக்குப் பதில் செம்பு நார், கிழிந்த ரப்பருக்குப் பதில் புது ரப்பர் வைத்தான். இருந்த எலிகளுக்குப் பொறி வைத்து வெளியேற்றினார்கள். வெர்ஜில் ஓட்டிஸிடம் போய் அந்தத் திருகாணிக் கதையைப் பேசிவிட்டு வந்தான். ஓட்டிஸ் அன்று மாலை பிடித்த மீனில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

சனிக்கிழமை குளிர் திரும்பியது. படுக்கப் போகும் முன் நோரீன் தரையெல்லாம், அலமாரிகளுக்குள்ளும், மெல்லிதாக மாவு தூவினாள். சுரண்டல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்தவள் விடியும்வரை தூங்கிவிட்டாள். எழுந்தபோது வெர்ஜில் ஏற்கெனவே மண்டியிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கால் தடம்கூட இல்லை. அவனுடைய முட்டித் தடம் மட்டும்தான்.

மதியம் லவோன் வந்து இறங்கினாள். கைப்பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "உன் பெட்டி எங்கக்கா? எலியோட குடித்தனம் பண்ணினது போதும்."

நோரீன் வாய் திறப்பதற்குள் வெர்ஜில் முன்னால் வந்தான். "இங்க எலி இருந்துச்சு, லவோன். நிறைய இருந்துச்சு. உங்க அக்கா சொன்னா, நான்தான் காதுல வாங்கல. இப்ப இல்ல. நீ உள்ள வந்து எந்த அலமாரியை வேணும்னாலும் திறந்து பாரு."

லவோன் சும்மா விடுகிறவளா? ஒவ்வொன்றாகத் திறந்து, கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, காப்பி குடு," என்றாள்.

வெர்ஜில் காப்பி ஊற்றினான். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, லவோன் இருப்பதைப் பொருட்படுத்தாமல், நோரீனைப் பார்த்துக் கேட்டான். "வேற என்ன இருக்கு?"

"வேற என்ன?"

"நீ சொல்லாம வச்சிருக்கறது. நானாப் பாத்துக் கண்டுபிடிக்க மாட்டேன். எனக்கு அந்தக் கண்ணு இல்ல. நீதான் சொல்லணும்."

நோரீன் தங்கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் வாயில் வந்தது. அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"மெத்தை," என்றாள். "நடுவுல குழி. ராத்திரியெல்லாம் நான் உருண்டு உருண்டு அதுக்குள்ள விழறேன். அதை மாத்தணும்."

"மாத்திடலாம்," என்றான். "லவோன் வண்டியிலேயே பழசை ஏத்திடலாம். வேற?"

"அரிசோனாவுக்கு ஜனவரியில போலாம். கிறிஸ்துமஸுக்கு மைனாட்ல இருக்கணும், இவளோட."

லவோன் காப்பியை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"சரி," என்றான் வெர்ஜில். "வேற?"

"இன்னும் நிறைய இருக்குப்பா. நின்னுட்டே கேக்காத, உக்காரு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.