பின்படியில் ஒரு படகு

உலகத்தில் இதுவரை கல்யாணம் செய்துகொண்ட ஆண்களில் சந்தேகம் என்ற வியாதி தீண்டாதவன் யோரிஸ் ஒருவன்தான். ஹாலந்தின் வெக்ட் ஆற்றில், கரையில் நடக்கும் குதிரை இழுக்கும் பயணிப் படகை ஓட்டுபவன். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டான். இருந்தும் போன இடத்தில் நிம்மதியாகத் தூங்குவான். இந்தத் தகவலை ஊரில் எல்லோருக்கும் அவனே சொல்லியிருந்தான்.

பக்கத்து வீட்டு ட்ரீஸ், ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பியில், உள்ளே உட்கார்ந்தபடியே கரை தெரிகிற மாதிரி, சின்னக் கண்ணாடி ஒன்றை மாட்டியபோது, மதுக்கடையில் நாலு பேர் முன்னால் யோரிஸ் கேட்டான்: "பொண்டாட்டிய வேவு பாக்க ரெண்டு கண்ணு போதலையாடா உனக்கு?"

ட்ரீஸ் சிரிக்கவில்லை. உட்ரெக்ட் சந்தைக்குப் போய்வந்தவன், செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய படம் ஒன்றை நீட்டினான். "சும்மா வெச்சுக்கடா. நம்ம கரைதான்."

அக்கரையிலிருந்து பார்த்து வரைந்தது. ஒரே மாதிரி இரண்டு வீடுகள், நடுவே வில்லோ மரம், பின்னால் தேவாலயக் கோபுரம், அசையாத தண்ணீர். ஓரத்தில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி. இவ்வளவு அமைதியான படத்தை யோரிஸ் பார்த்ததேயில்லை. இவ்வளவு அமைதி எதற்கு என்று உற்றுப் பார்த்தான். வலப்பக்க வீட்டின், அதாவது அவன் வீட்டின், ஆற்றில் இறங்கும் பின்படியில், யாருடையதோ ஒரு படகு கட்டியிருந்தது. படகில் ஆளில்லை. வாத்துகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தை அடுப்படி மேஜையில் வைத்தான். "யாரு படகு இது?"

விலாங்கு மீனை உரித்துக்கொண்டிருந்த மனைவி அலெய்ட் கையைத் துடைத்துக்கொண்டாள். "கோபுரம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தியாய்யா? தகட்டுல வலது பக்கம் கீறினது தாள்ல இடது பக்கமா விழும்." சவரக் கண்ணாடி முன் படத்தைப் பிடித்தாள். கோபுரம் அதன் இடத்துக்குப் போனது. படகு ட்ரீஸ் வீட்டுக்குப் போனது.

யோரிஸுக்கு வாயெல்லாம் பல். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ட்ரீஸிடம் கிளம்பினான். வாசலில் கால் நின்றது.

"தகட்டு சங்கதியெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"வரைஞ்சவருதான். அக்கரையில ரெண்டு நாள் உக்காந்திருந்தாரு. பாவம், நல்ல வெயில். மோர் குடுத்தேன்."

மோர் ஆற்றைக் கடந்து போனதா, வரைந்தவன் கடந்து வந்தானா? சந்தேகம் தீண்டாதவன் இதையெல்லாம் கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்கு நடந்தான்.

ட்ரீஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். யோரிஸ் கக்கத்துப் படத்தை விரிக்காமலே கொண்டுபோய் மூலையில் சாத்தினான். ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து, "வெயில் தாங்கலடா" என்றான்.

ட்ரீஸ் ரொட்டியைத் தின்று முடித்தான். "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு உக்காரு. அப்பதான் உன் படி தெரியும்."

யோரிஸ் குனிந்தான். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் ஆறு அசையாமல் கிடந்தது. அலெய்ட் பின்படியில் இறங்கி வந்து, நெற்றியில் கை வைத்து, அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.