பத்தாம் கேள்வி

பேராசிரியர் பதவியேற்பு உரைக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை.

காப்பீட்டுச் சட்டம் அவள் பாடம். இருபத்துமூன்று வருடங்களாக முதல் வகுப்பை ஒரே மாதிரிதான் தொடங்குகிறாள். பெயரை மையால் மறைத்த ஒரு பழைய காப்பீட்டுப் படிவத்தின் நகலை ஆளுக்கொன்று கொடுப்பாள். பத்தாம் கேள்வி: இதற்குமுன் நெஞ்சுவலி வந்ததுண்டா? ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக். படிவம் கொடுத்த எட்டாம் மாதம் மாரடைப்பில் ஆள் போய்விட்டார். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் காட்டி நிறுவனம் கையை விரித்துவிட்டது. தப்பு யாருடையது? மாணவர்கள் மணியடிக்கும்வரை மல்லுக்கட்டி, கடைசியில் ஏஜெண்ட் தலையில் கட்டுவார்கள். படிவங்களை நிரப்புவது பெரும்பாலும் ஏஜெண்டுகள்தானே. அவள் ஆமாம் என்றும் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை. கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘பத்தாம் கேள்வி’.

படிவம் அவள் அண்ணனுடையது. அது அண்ணிக்கு மட்டும் தெரியும். அண்ணன் போன பிறகு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவி அவளைப் படிக்கவைத்தவள் அண்ணி.

அண்ணி இப்போது சாப்பாட்டு மேசைமேல் போர்வையை விரித்து, நாளைக்கான கறுப்பு அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இதைப் போட்டால் மடக்கின குடை மாதிரி இருப்பாய் என்றாள். பிறகு ஒரு வாரமாகச் சொல்வதையே திரும்பவும் சொன்னாள்: மேடையில் அந்த ஏஜெண்டின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். படிவத்தை வாங்கிக்கொண்டு போனதோடு சரி என்று அவர் அன்று சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வேலையும் போயிற்று. இருபத்தொன்பது வருடங்களாக, அவர் எதிரே வந்தால் அண்ணி எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவாள்.

“கேஸ் போடுவான்னு பயமா? போடட்டுமே. வக்கீலம்மா வீட்லயே இருக்கா.”

அவள் நீதிமன்றப் படி ஏறியதே இல்லை. ஆதாரம் இல்லாமல் பெயர் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று இழுத்தாள்.

“சட்டத்தை விடு. அந்த டிக் போட்டது அவன்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் வாயை மூடிக்கறேன்.”

கேட்காததைச் சொல்லாமல் விடுவது குற்றமா என்று அவள் மூன்று புத்தகம் எழுதியிருக்கிறாள். கேட்டுவிட்டால் உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். அதில் எந்தப் புத்தகத்துக்கும் வேலை இல்லை. இத்தனை வருடத்தில் அண்ணி கேட்டதில்லை. இன்று கேட்டுவிட்டாள்.

அவள் போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

“ஏன்டி, ஒரு கை இன்னும் பாக்கி இருக்கு.”

“உக்காருங்க அண்ணி.”

அண்ணி அங்கியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு அண்ணன் வேலைக்கு அவசரமா கெளம்பிட்டிருந்தாரு. படிவத்தை நிரப்பினது நான்தான். நெஞ்சுவலி வந்ததை எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு, உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு. ஏஜெண்ட் மறுநாள் காலையிலதான் வாங்க வருவாரு, படிவம் ராத்திரி முழுக்க இந்த மேசைமேலதான் கெடக்கும், நீங்க பாத்துடுவீங்கன்னு, ‘இல்லை’யில டிக் போட்டேன்.”