பழுக்கக் காய்ந்த தகடு

"அம்மா, சூடு வெக்கறப்ப குஞ்சுக்கு வலிக்காதா?"

மகள் தமிழ்ச்செல்வி ஏழு வயதில் கேட்ட கேள்வி அது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் பூவாத்தாள் அலகு வெட்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்தால் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும் என்று, குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியைப் பழுக்கக் காய்ந்த தகட்டில் வெட்டிவிடுவார்கள். ரத்தமும் உடனே நின்றுவிடும்.

"வலிக்காது சாமி," என்றாள் பூவாத்தாள், நிமிர்ந்து பார்க்காமல்.

பதினான்கு வருடம் கழித்து, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அந்தக் கேள்வி பூவாத்தாளைத் தேடி வந்தது.

இடது மார்பில் புற்றுக்கட்டி. டாக்டர் ஸ்ரீதேவி பொறுமையாகச் சொன்னார்: மார்பை முழுதாக எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அந்தக் குழியின் சுவரை ஊசி போன்ற கருவியால் சூடேற்றலாம். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் இருந்தால் அந்தச் சூட்டில் செத்துப்போகும்.

"இது இன்னும் சோதனையிலதான் இருக்கும்மா. இஷ்டம் இருந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்க. காலையில சொல்லுங்க."

"முழுசா வேணும்னாலும் அறுத்துப் போட்டுருங்க டாக்டரம்மா. சூடு மட்டும் வேண்டாமுங்க."

டாக்டர் போனதும் பூவாத்தாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூக்கில் கருகிய வாசனை. எத்தனை ஆயிரம் குஞ்சுகள்! அந்த ஆண்டவன் கணக்குத் தீர்க்கிறான் என்று நினைத்தாள்.

"எதுக்குக்கா அழுவுற?"

பக்கத்துக் கட்டில் அமுதவல்லி. ஆத்தூர்க்காரி, முப்பத்தெட்டு வயது. போன வாரம் அவளுக்கு வலது மார்பை முழுதாக எடுத்திருந்தார்கள். கட்டி பெரிது, அவளை யாரும் இஷ்டம் கேட்கவில்லை.

பூவாத்தாள் குஞ்சுகளைப் பற்றிச் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

"அதுக்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை, அம்மிணி."

அமுதவல்லி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ நான் எந்தக் குஞ்சைச் சுட்டேன்? மரவள்ளிக் கிழங்கு மில்லுல மாவு அள்ளுனேன். மாவா வந்து சாமிகிட்ட புகார் சொல்லிச்சு?"

பூவாத்தாளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"வலிக்குமா?"

"மயக்கத்துல ஒண்ணும் தெரியாது. முழிச்ச பின்னால எரியும், பொய் சொல்ல மாட்டேன். எரிஞ்சா என்னைக் கூப்புடு."

காலையில் பூவாத்தாள் கையெழுத்துப் போட்டாள்.

எரியத்தான் செய்தது. கூப்பிட்டாள். அமுதவல்லி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். இடது கையைத் தூக்க முடியாத பூவாத்தாளின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அமுதவல்லிக்கோ வலது கை எழாது. அவளுடைய இடது கையும் இவளுடைய வலது கையுமாகச் சேர்ந்து, தினமும் ஒரு சடை போட்டார்கள்.

"எலிவால் மாதிரி இருக்குக்கா."

"இருந்துட்டுப் போவுது, உடு. என்னையப் பொண்ணு பாக்கவா வாராங்க?"

பூவாத்தாளுக்கு முடிவு நல்லபடியாக வந்தது; குழியின் ஓரத்தில் மிச்சம் எதுவும் இல்லை. அமுதவல்லிக்கு நோய் ஈரல்வரை போயிருந்தது.

கதிர் சிகிச்சையெல்லாம் முடிந்து, ஆறாம் மாதம் பரிசோதனைக்கு வந்த பூவாத்தாள், கேட்டு விசாரித்து மாடி வார்டுக்கு ஏறினாள். அமுதவல்லி வலி மருந்தில் கண்மூடிக் கிடந்தாள். பாதி உடம்புதான் மீதி இருந்தது. துணைக்கு இருந்த அவள் அம்மா, டீ வாங்கக் கீழே போயிருந்தாள்.

கொட்டிப்போன தலையில் விரற்கடை அளவுக்கு முடி முளைத்திருந்தது. குஞ்சின் தூவிபோல மிருதுவாக இருந்தது.

பூவாத்தாள் பையிலிருந்து தேங்காய் எண்ணெயும் சீப்பும் எடுத்தாள். இப்போது அவளுக்கு இரண்டு கையும் எழும். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கி, வலிக்காமல் தடவினாள். சடை போட முடி இல்லை. மெதுவாகச் சீவி, நேராக வகிடு எடுத்தாள்.

அமுதவல்லி விழிக்கவில்லை. படிக்கட்டில் அவள் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டது. பூவாத்தாள் சீப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பிழைத்தவளாக அந்தத் தாயின் முன் நிற்கக் கூசி, மறுபக்கத்துப் படி வழியே இறங்கிப் போனாள்.