அண்ணி என்று பெயர் வைத்த முகம்

படப்பையில் ஷாரோன் நடத்தும் போட்டோ ஸ்டுடியோவில் ஒரு கம்ப்யூட்டர். வீட்டில் அவள் அண்ணன் ஜோயலின் லேப்டாப். ஜோயலுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. லீவு நாளில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பான். முன்பெல்லாம் படங்கள் பென் டிரைவில் போய்வந்தன. ஒதுக்கிய படம் எது, திருத்திய படம் எது என்று எப்போதும் குழப்பம். மாப்பிள்ளை கொட்டாவி விடும் படம் ஓர் ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சாகிப் போன பிறகு, ஜோயல் உட்கார்ந்து இரண்டு கம்ப்யூட்டர்களையும் நெட்டில் இணைத்துவிட்டான்.

“இனிமே ரெண்டுக்கும் போட்டோ லைப்ரரி ஒண்ணுதான். நீ கடைல எதை மாத்தினாலும் வூட்லயும் மாறிடும். நான் மாத்தினா உனக்கும் மாறும்,” என்றான் பெருமையாக.

அது தன் தலையிலேயே விடியும் என்று அவன் நினைக்கவில்லை.

ஜோயல் எடுத்த சுகப்பிரியாவின் கல்யாணப் படங்கள் ஏறிய அன்று, ஒரே முகம் உள்ள படங்களையெல்லாம் கம்ப்யூட்டர் தானாகச் சேர்த்து வைத்து, ‘இது யார்?’ என்று கேட்டது. மணமக்களுக்கு அடுத்தபடியாக அதிகப் படங்களில் இருந்தது பெண்ணின் அம்மா இல்லை. பச்சைப் புடவை கட்டிய யாரோ ஒருத்தி. பந்தியில் அப்பளம் நொறுக்குகிறாள், செருப்பைத் தேடுகிறாள், தும்முகிறாள். தாலி கட்டும் படத்தில்கூட மாப்பிள்ளையின் கை மங்கல். பின்னால் நின்ற அவள் முகம்தான் பளிச்.

ஷாரோன் பெயர்க் கட்டத்தில் ‘அண்ணி’ என்று அடித்தாள்.

நைட் ஷிப்ட் முடிந்து வீட்டில் லேப்டாப்பும் கையுமாக இருந்த ஜோயலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைத் திரையில் பெயர் ‘யாரோ’ என்று மாறியது.

‘யாரோவுக்கு எதுக்கு இவ்ளோ படம்?’ என்று மாற்றினாள் ஷாரோன்.

‘லைட் நல்லா இருந்துச்சு.’

‘லைட்டா அப்பளம் துன்னுச்சு?’

ஷாரோன் மறுபடி ‘அண்ணி’ என்று அடித்து முடிக்கவும் கடைக் கதவு திறந்தது. வந்தவள் அந்தப் பச்சைப் புடவைக்காரி, இப்போது சுடிதாரில்.

“சுகப்பிரியா அனுப்புனா. ஆல்பத்துக்குப் படம் பாத்துச் சொல்லணுமாம். நானும் அவளும் சுங்குவார்சத்திரம் கம்பெனில ஒரே லைன்ல வேலை,” என்றவள் திரையைப் பார்த்தாள். ஷாரோனின் கை மவுஸைத் தேடுவதற்குள் படித்தும் விட்டாள்.

“இது யாரு வச்ச பேரு?”

“நான்தான்கா. ஆனா படம் எடுத்தது எங்கண்ணன்.”

“அந்த நீலச் சட்டையா? சாப்பிடக் கூப்பிட்டேன், லென்ஸ் மாத்தணும்னு ஓடுச்சே?”

“அதே ஜென்மம்தான்.”

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து அடித்தாள்: ‘தென்றல். படம் எடுக்கத் தெரியுது, பேசத் தெரியாதா?’

தங்கைதான் அடிக்கிறாள் என்று நம்பி ஜோயல் எழுதினான்: ‘கிட்ட போனா வாய் ஒட்டிக்குது. ஆமா, அவ பேரு உனக்கு எப்படித் தெரியும்?’

‘நானே அவதான். கடைல இருக்கேன்.’

பிறகு திரையில் அப்பளப் படம் மறைந்தது. செருப்புப் படம் மறைந்தது. தும்மல் போனது. பதற்றத்தில் ஜோயல் அங்கே எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருந்தான்.

ஷாரோன் போனை எடுத்து அலறினாள். “அண்ணா, நிறுத்து! தாலி கட்ற படமும் பூட்ச்சு! சுகப்பிரியாக்கு இன்னா பதில் சொல்றது?”

பைக்கில் பறந்து வந்த ஜோயல், சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். யாரையும் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, திரையிலுள்ள குப்பைத்தொட்டியைத் திறந்து படங்களை மீட்கத் தொடங்கினான். தென்றல் பக்கத்து ஸ்டூலில் அமர்ந்தாள்.

“தும்முற படம் வேண்டாம்,” என்றாள்.

“அதுதான் நல்லா வந்திருக்கு,” என்றான் ஜோயல். லென்ஸ் சாக்கைத் தவிர, அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. சொன்ன பிறகு காது சிவந்தது.

தென்றல் சிரித்துவிட்டாள். “சரி, இருக்கட்டும். எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. நம்பர் எழுதிக்கிடுதீங்களா?”

ஷாரோன் டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே கிளம்பினாள். பக்கத்திலிருக்கும் டீக்கடையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள்.

சுகப்பிரியாவுக்கு ஆல்பம் போய்ச்சேர ரொம்பவே தாமதமானது. படம் தேர்ந்தெடுக்கிறேன் என்று தென்றல் ஞாயிறுதோறும் வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு பக்கம்தான் முடிந்தது.