ஒருவர்கூட விலகாத கிளை

தேச விடியல் முன்னணி ஆட்சியைப் பிடித்த வருடம் லோகன்டேல் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம், கட்சி கொடுத்த சுவர்க் கடிகாரம் தொங்கியது. கட்சியின் சின்னம் கடிகாரம். கோஷம், 'நேரம் வந்துவிட்டது.' கடிகாரத்தின் நடுவில் தலைவர் எகொடவத்த சிரித்துக்கொண்டிருப்பார். ஒன்பதே கால் ஆனால் இரண்டு முள்ளும் சேர்ந்து அவருக்கு மீசை வைத்துவிடும். கடிகாரத்தோடு பற்றரி கொடுக்கவில்லை. அதைக் கந்தப்பளை பஜாரில் பைஸரின் கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கட்சியால் முன்னுக்கு வந்த ஒரே மனிதர் பைஸர்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மூக்கன் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். தானும் முன்னுக்கு வந்ததாகத்தான் அவர் நினைப்பு.

அதுவரை அவர் கீழ்ப்பிரிவின் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று, தொழிலாளர் பதிவான செக்ரோலைப் பார்த்துப் பேர் வாசிப்பார். வந்தவர்களை மலைக்கு அனுப்புவதும் பிந்தியவர்களை வீட்டுக்கு அனுப்புவதும் அவர் வேலை. இரண்டாவதைக் கூடுதல் ஈடுபாட்டோடு செய்தார். கட்சி வந்ததும் வேலையை உதறினார். மூகேந்திரன் ஆனார். 'மாவட்ட இணைப்பாளர்' என்று எழுதிய ஜீப்பில் ஏறினார். அந்த ஜீப் எதை எதோடு இணைத்தது என்று கேட்டால், அவரை நுவரெலியாவிலுள்ள ஓய்வு விடுதிகளோடு என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளையும் ஒரே வாரத்தில் உறுப்பினர் பட்டியல் அனுப்ப வேண்டும். லயம் லயமாக ஏறி இறங்கி ஆள் சேர்ப்பது ஓர் இணைப்பாளரின் முழங்காலுக்கு ஏற்ற வேலையா? அவரிடம் பழைய செக்ரோல் பிரதி ஒன்று இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அப்படியே பார்த்து எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். தோட்டத்துக்குத் தெரியாமலே தோட்டம் முழுவதும் கட்சியில் சேர்ந்தது.

பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். உரம் வராது என்றார்கள், சொன்னபடியே வரவில்லை. காஸ் வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை. வரிசையில் நின்ற சனம் ஒருநாள் வரிசையைக் கலைத்துக்கொண்டு தலைவர் வீட்டுப் பக்கம் திரும்பியது. அமைச்சர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மனசாட்சியைக் கண்டெடுத்து வேறு கட்சிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கட்சியின் ஹட்டன் அலுவலகம் சலூன் ஆனது. மூக்கனின் ஜீப்பை யாரோ வந்து கேட்டார்கள், கொடுத்துவிட்டார். அடுத்த தேர்தலில் நூற்று நாற்பது ஆசனம் இரண்டாகச் சுருங்கியது. லோகன்டேல் வாக்குச்சாவடியில் கடிகாரத்துக்கு விழுந்த வாக்குகள் ஒன்பது. தன்னுடையது ஒன்று என்பதில் மூக்கனுக்குச் சந்தேகமில்லை. மனைவி மீனம்மாவுடையதில் சந்தேகம் இருந்தது. கேட்கப் பயம்.

இந்த நிலையில்தான் தலைவரின் ஊடகச் செயலாளர் றுமைஸ் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"மூகேந்திரன், சேர் அழுதுட்டார்."

"ஐயய்யோ, என்னாச்சுங்க?"

"ஊர் ஊரா விலகல் கடிதம் வந்திட்டே ஈக்கி. சேர் நேத்து ஃபைல் எல்லாம் எடுத்துப் பார்த்தார். நாட்டுலயே ஒருத்தர்கூட விலகாத கிளை ஒங்கட கிளை மட்டும்தான். ஃபைலைக் கட்டிப்பிடிச்சிட்டு அழுதார்."

சேர்ந்ததே தெரியாதவன் எப்படி விலகுவான் என்று தலைவருக்கு எடுத்துச் சொல்லப் பக்கத்தில் யாரும் மிச்சமில்லை.

றுமைஸ் விஷயத்துக்கு வந்தார். கட்சியின் மறுபிறப்பு லோகன்டேலில்தான் நடக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை தலைவரே வருகிறார். நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் பேர் பேராக வாசித்து, ஒவ்வொருவருக்கும் விசுவாசப் பேட்ஜ் குத்துவார். கட்சியின் இரண்டு ஆசனத்தில் ஒன்று, தேர்தலில் நிற்காமலே கட்சி ஆள் நியமிக்கும் தேசியப் பட்டியல் ஆசனம். அதில் இருந்தவர் உடல்நிலை காரணமாக விலகியிருந்தார். அதாவது, ஆளுங்கட்சியின் உடல்நிலை நன்றாக இருந்த காரணமாக. அந்த ஆசனம் காலி.

"அதை மலையகத்துல ஒரு உண்மையான தொண்டனுக்குக் கொடுக்கணும்னு சேர் முடிவெடுத்திட்டார். மேடையிலயே அறிவிப்பார். கூட்டம் மட்டும் சரியா நடக்கணும்."

மூக்கன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பிறகு, நாடாளுமன்ற உறுப்பினர் நிற்கத் தேவையில்லை என்று தோன்றி உட்கார்ந்தார்.

அன்றைக்கே வெள்ளைத் தேசிய உடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்து மீனம்மாவிடம் சொன்னார்.

"எம்பி ஆகப்போறேன் மீனா."

"ஆகுங்க. அதுக்கு முந்தி கூரைத் தகரத்துல அந்த ஓட்டைய அடைச்சிருங்க. எம்பி தலையில ஒழுகும்."

ஒழுகும் இடம் அதுவல்ல என்று மூக்கனுக்குத் தெரியும். பழைய பிரதியை எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே நாலு பேர் மண்ணுக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் கொழும்புக்கும் குவைத்துக்கும். யோசனை கேட்கப் பைஸரிடம் போனார்.

"வாங்க எம்பி," என்றார் பைஸர். தோட்டத்தில் தும்மினால் பஜாரில் கேட்கும். "பற்றரி வேணுமா, பட்டியல் வேணுமா?"

"நானூத்திப் பன்னெண்டு பேரு வேணும் நானா."

"எங்கட கடையில சாமான் மட்டும்தான் ஈக்கி."

"வெளாடாதீங்க நானா. பட்டியல்ல பாதிப்பேரு செத்துட்டாங்க."

"அதுக்கென்ன? உசிரோட ஈக்கிற ஆக்களே ஒங்கட கட்சிய உட்டுட்டுப் போயிட்டாங்க. மவுத்தானவங்கதான் கடைசி வரைக்கும் நிண்டாங்க. அவங்களுக்குத்தான் பேட்ஜ் குத்தணும்."

சொல்லிக்கொண்டே அரைக் கிலோ கருவாட்டைத் தலைவரின் பழைய சுவரொட்டியில் சுற்றி நீட்டினார். தலைவரின் சிரிப்பில் எண்ணெய் இறங்கியது.

வீடு திரும்பும்போதுதான் ஒரு வழி பிடிபட்டது. தலைவருக்கோ றுமைஸுக்கோ யார் முகமும் தெரியாது. இருப்பவர்கள், இல்லாதவர்களின் பேருக்கும் சேர்த்து ஆளுக்கு மூன்று தடவை குரல் கொடுத்தால் போதும். மூக்கன் நேரே பீலிக்கரைக்குப் போனார். அங்கே நாகலெட்சுமி போர்வை அலசிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்களில் அவள் சொன்னால் நாலு லயமும் கேட்கும்.

"என்ன நாகலெட்சுமி, சொகமா?"

"சொகம் கேக்க வந்த மாதிரி தெரியலையே கணக்கப்பிள்ளை ஐயா."

அந்தப் பழைய பட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"பேரு வாசிக்கிறப்ப, ஆளு இல்லேன்னா பக்கத்துல உள்ளவங்க 'இருக்கேன்'னு ஒரு கொரல் கொடுத்தா போதும்."

"ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் கொரல் கொடுக்கலாமுங்களா?"

"நான் சொல்றேன்ல. கொடுக்கலாம்."

நாகலெட்சுமி போர்வையை முறுக்கிப் பிழிந்தாள். தேவைக்கு மேலாகவே பிழிந்தாள்.

"நீங்களே சொல்லிட்டீங்க. வர்றோங்க. நாலு லயத்தையும் கூட்டியாறேன்."

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலப் பெரட்டில், காய்ச்சலில் கிடந்த தாய் பேச்சாயியின் பேருக்கு இதே நாகலெட்சுமி குரல் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை மூக்கன் பிடித்துவிட்டார். முழுப் பெரட்டின் முன்னால் அவளை நிறுத்தி, "அவங்கவங்க பேருக்கு அவங்கவங்கதான் வாயத் தொறக்கணும். பேரு இல்லாதவங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். தாய்க்கும் மகளுக்கும் அன்றைய நாள்கூலி போனது. மறுநாளும் போய்விடுமே என்று பேச்சாயி காய்ச்சலோடு மலை ஏறினாள். அந்த மழை முடிவதற்குள் முடிந்துபோனாள். மூக்கன் இதை மறந்துவிட்டார். பெரட்டில் இப்படி எத்தனையோ நடக்கும், எல்லாவற்றையும் ஒரு மனிதர் நினைவில் வைத்திருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்திலேயே மேடை போட்டார்கள். தலைவர் இரண்டு வாகனங்களோடு வந்தார். மூன்றாவது நானுஓயாவில் நின்றுவிட்டதாம். களம் நிறைந்திருந்தது. நாலு லயமும் குழந்தை குட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தது. மூக்கன் கஞ்சி மொடமொடக்கும் வெள்ளையில் தலைவரின் பக்கத்தில் நின்று, நாடாளுமன்றத்தில் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது என்று பழகிக்கொண்டிருந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்து, "வணக்கம்" என்றார். ஆட்சியில் இருந்த காலத்திலும் அதற்குமேல் தமிழ் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. மீதியைச் சிங்களத்தில் பேசினார். தன்னை எல்லோரும் கைவிட்டார்கள், லோகன்டேல் கைவிடவில்லை என்றார். கண்ணைத் துடைத்தார். கேமராக்காரன் கவனிக்காததால் இன்னொரு தடவை துடைத்தார். பிறகு பேட்ஜ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். றுமைஸ் பட்டியலை விரித்து வாசித்தார்.

"பொன்னையா."

"செத்துட்டாருங்க," என்றது ஒரு குரல்.

றுமைஸ் குனிந்து தலைவரின் காதில், ஆள் வெளியே போயிருக்கிறார் என்றார். தலைவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

"நிஷாந்தி."

"குவைத்துல இருக்காங்க."

வெளிநாட்டுக் கிளைக்குப் பொறுப்பு என்றார் றுமைஸ். தலைவருக்கு மகிழ்ச்சி.

"நல்லமுத்து."

ஒரு கிழவர் எழுந்தார். "இருக்கேங்க. ஆனா இந்தக் கட்சியில இருக்கேன்னு இப்பத்தான் கேள்விப்படுறேன்."

மூக்கன் கூட்டத்தில் நாகலெட்சுமியைத் தேடினார். அவள் முன்வரிசையிலேயே இருந்தாள். அவர் கண்ணைக் காட்டினார், புருவத்தைக் காட்டினார். கையையும் காட்ட நினைத்தபோது றுமைஸ் அடுத்த பேரை வாசித்தார்.

"பேச்சாயி."

நாகலெட்சுமி எழுந்தாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா கண்ணக் காட்டுறாரு. எங்கம்மா பேருக்கு நான் கொரல் கொடுக்கணுமாம். இதே எடத்துல ஒரு நாளு கொடுத்தேன். அவங்கவங்க பேருக்கு அவங்கவங்கதான் வாயத் தொறக்கணும்னு சொல்லி வெரட்டுனாரு. அன்னிக்குக் கூடாதது இன்னிக்கு எப்படிக் கூடும்?" ஒருமுறை மூச்சு வாங்கினாள். "எங்கம்மா செத்து எட்டு வருசம். ஒங்க கட்சி பொறந்து ஆறு வருசம். பொறக்காத கட்சியில செத்தவங்கள எப்படிச் சேர்த்தீங்க?"

றுமைஸ் எதையும் மொழிபெயர்க்கவில்லை. நாகலெட்சுமி அவரை எதிர்பார்க்கவும் இல்லை. தலைவரைப் பார்த்து, கடைத்தெருச் சிங்களத்தில் அவளே சொன்னாள்.

"அம்மா மெரிலா, சேர்."

செத்துவிட்டாள் என்பது தலைவருக்கு விளங்கியது. அதன் பிறகு கூட்டத்துக்கு மொழி பிடிபட்டுவிட்டது. அடுத்த பேருக்கு, "மெரிலா!" அதற்கடுத்ததற்கு, "மெரிலா சேர்!" உயிரோடு இருந்தவர்கள்கூடச் சிலர் தங்கள் பேருக்குத் தாங்களே எழுந்து நின்று, "மெரிலா" என்றார்கள். குழந்தைகள் தாளம் போட்டன. கேமராக்காரன் அப்போதுதான் ஒழுங்காகப் படம் பிடிக்கத் தொடங்கினான்.

அறுபதாவது பேரில் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மூக்கன் அவர் காலடியில் குனிந்தார்.

"நான் இருக்கேன் சேர். எவன் இல்லாட்டியும் நான் இருக்கேன்."

தலைவர் பழைய ஆள். ஒரு விசுவாசியாவது படத்தில் விழுந்தால் கொழும்புக்குச் சும்மா திரும்ப வேண்டாம் என்று கணக்குப் போட்டார். ஒரு பேட்ஜை எடுத்துக்கொண்டு, இவன் பேரை வாசி என்றார். றுமைஸ் பக்கங்களைப் புரட்டினார். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை.

"மூகேந்திரன் இல்லையே."

"மூக்கன்னு பாருங்க."

"மூக்கனும் இல்ல."

இருக்காது. செக்ரோலில் இருப்பது தொழிலாளர் பேர். கணக்கப்பிள்ளை உத்தியோகத்தர், அவர் பேர் வாசிக்கிறவர், வாசிக்கப்படுகிறவர் அல்ல. எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதியவர் தன்னை எழுத மறந்துபோனார். கட்சியின் ஜீப்பில் ஊரெல்லாம் போனவர், இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடக் கட்சியில் இருந்ததில்லை.

தலைவர் பேட்ஜைப் பெட்டியில் போட்டார். கட்சியில் இல்லாதவனை எப்படி எம்பி ஆக்குவது என்று சிங்களத்தில் கேட்டார். அரசியலுக்கு வந்த நாளிலிருந்து அவர் கேட்ட நியாயமான கேள்வி அது ஒன்றுதான். பதிலுக்குக் காத்திராமல் வாகனத்தில் ஏறினார். அவசரத்தில் பேட்ஜ் பெட்டி மேடையிலேயே கிடந்தது.

மறுநாள் விடிகாலை மூக்கன் கதவைத் திறந்தபோது, பெரட்டு கலைந்து பெண்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பனிமூட்டத்துக்குள் ஏதோ மினுங்கியது. கிட்ட வந்தபோது தெரிந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குக்கு எல்லோரும் விசுவாசப் பேட்ஜைக் குத்தியிருந்தார்கள். கனமான ஊசி, நல்ல பிடிமானம். தேச விடியல் முன்னணிக்கு லோகன்டேலில் அவ்வளவு பேர் ஒருநாளும் இருந்ததில்லை.

நாகலெட்சுமி கடைசியாக வந்தாள். அவள் கையில் மீதி ஏழெட்டு இருந்தன.

மூக்கன் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். என்ன இருந்தாலும் ஆறு வருடம். ஒரு ஞாபகத்துக்காவது ஒன்று வேண்டாமா?

"எனக்கு ஒண்ணு கொடு நாகலெட்சுமி."

அவள் நின்றாள். கையிலிருந்ததைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"பட்டியல்ல பேரு உள்ளவங்களுக்குத்தான்னு ஒங்க தலைவர் சொன்னாரே," என்றாள். "பேரு இல்லாதவங்க வீட்டுக்குப் போகலாம்."

அவர் ஏற்கெனவே வீட்டு வாசலில்தான் நின்றார். உள்ளே போவதைத் தவிர வேறு வழி இல்லை. உள்ளே, கூரை ஒழுகி நனைந்த சுவரில், தலைவர் ஒன்பதே கால் மணி மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பற்றரி தீர்ந்து எத்தனையோ மாதம்.